இருக்கு, ஆனா இல்ல!

ஆரக்கிளில் பொட்டி தட்டினவங்களுக்கு ஓரா-00942-ஐ அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எஸ்க்யூஎல் பிளஸ்ல ஒரு செலக்ட் அடிச்சா, 'அப்படி ஒரு டேபிளோ வியூவோ இல்லை'ன்னு பதில் வரும். பக்கத்து சீட்காரருக்கு அதே டேபிள் ஜம்முனு தெரியும்.

எஸ்க்யூஎல் பிளஸுக்கு முன்னாடி ஆரக்கிளில் இருந்த கமாண்ட் ஷெல்லோட பேரு யூஎஃப்ஐ. விரிச்சா 'யூசர் ஃப்ரெண்ட்லி இன்டர்ஃபேஸ்'. நல்லா வச்சாங்கய்யா பேரு! 1979-ல் விற்பனைக்கு வந்த முதல் ஆரக்கிளே 'வெர்ஷன் 2'தான். வெர்ஷன் 1 கடைக்கே வரலை :-)

ஆனா 00942 தெரிஞ்சே செய்யற மழுப்பல். 'இருக்கு, உனக்கு அனுமதி இல்லை'ன்னு சொன்னா, இருக்குங்கற ரகசியம் வெளியே போயிடுமே! கடன்காரர்கிட்ட 'அப்பா வீட்ல இல்லை'ன்னு சொல்ற பையன் கதைதான். யூனிக்ஸ் லாகினும் பேர் தப்பா, பாஸ்வேர்டு தப்பான்னு பிரிச்சுச் சொல்லாது. சந்தேகமா? ஒரு டேபிளைப் படிக்க மட்டும் அனுமதி வாங்கிட்டு இன்சர்ட் பண்ணிப் பாருங்க. இப்ப ஓரா-01031, 'போதிய உரிமை இல்லை'ன்னு வரும். இருக்கறது உங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே, இனி மறைச்சு என்ன ஆகப்போகுது.

எங்க லேபில் ஒரு சக மாணவர் இந்த மெசேஜை அப்படியே நம்பிட்டார். டேபிளே இல்லைபோலன்னு, ஓனர் அக்கவுண்டில் நுழைஞ்சு உருவாக்கற ஸ்கிரிப்டை ஓட்டினார். அதோட முதல் வரி டிராப் டேபிள். ஒரு வாரத்து அளவீடுகள் காலி.

ஆல்_டேபிள்ஸில் தேடினாலும் பிரயோஜனமில்லை. பேர்தான் 'ஆல்', உங்களுக்கு அனுமதி உள்ளதை மட்டும்தான் காட்டும். டிபிஏ_டேபிள்ஸ் பார்க்கக்கூடியவரைப் பிடிச்சுக் கேட்கணும். ரொம்பப் படுத்தறது இன்னொண்ணு: ஷெல்லில் ஓடற அதே செலக்ட், ப்ரொசீஜருக்குள்ள போட்டா 00942. ரோல் வழியா வந்த அனுமதி சாதாரண ப்ரொசீஜருக்குள்ள செல்லாது, உங்க பேருக்கே நேரடியா கிராண்ட் வேணும். அப்புறம், இரட்டை மேற்கோளுக்குள்ள சின்ன எழுத்தில் பேர் வச்ச டேபிள்கள். மேற்கோள் இல்லாம கேட்டா ஆரக்கிள் பெரிய எழுத்தா மாத்தித் தேடிட்டு, இல்லைன்னுடும்.

போஸ்ட்கிரெஸ் இதுல நேர்மை, அனுமதி இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். என் ஓட்டு அதுக்குத்தான். வங்கிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க.

2024-ல் வந்த 23ஏஐ-யில் ஒருவழியா எந்த டேபிள்னு ஓனர் பேரோட மெசேஜிலேயே சொல்றாங்க. பத்து டேபிள் ஜாயின் எழுதறவங்களுக்குப் பெரிய புண்ணியம். நிஜமாவே இல்லையா, அனுமதிதான் இல்லையாங்கறதை மட்டும் இன்னும் சொல்லலை.