புளிப்பு மண் கேட்ட செடி

அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கோவில் (ஆள் பெயர்தான்) 1910-ல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். வீட்டுத் தோட்டத்தில் ப்ளூபெரி ஏன் பிழைப்பதில்லை என்பதற்கு அதில் விடை இருந்தது. ஆசையாகப் போட்ட சுண்ணாம்பும் எருவும்தான் செடியைக் கொன்றன. அது கேட்டது புளிப்பு மண்.

நியூஜெர்சியின் வைட்ஸ்பாக்கில் கிரான்பெரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தின் மகள் எலிசபெத் வைட் 1911-ல் அதைப் படித்தார். தங்கள் நிலத்திலேயே சோதனை செய்யலாம் என்று கோவிலுக்கு எழுதினார். சுற்றுக் காடுகளில் பெரிய பழம் காய்க்கும் செடியைக் காட்டுவோருக்குக் காசு. பழத்தை அளக்க, எட்டில் ஐந்து அங்குலத் துளை போட்ட தகடும் கையில் கொடுத்தார். கண்டவர் பெயரே செடிக்கு. ரூப் லீக் காட்டிய செடிக்கு மட்டும் சிக்கல்: 'லீக்' என்பது வெங்காய இனத்தின் பெயர், வாடை அடிக்கிறதே! 'ரூபெல்' ஆக்கினார்கள். 1916-ல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

ஆனால் ஒரு ரூபெலை ஆயிரம் ரூபெல் ஆக்குவது எப்படி? விதை போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. ஊன்றியதும் துளிர்க்க இது முருங்கைப் போத்தும் அல்ல.

செடியின் சிறு துண்டைக் குடுவையில் ஊட்டக் கலவைமேல் வளர்க்கும் திசு வளர்ப்பு வந்தபோதும் செடி பிடிவாதத்தை விடவில்லை. புகையிலைக்காக முராஷிகேயும் ஸ்கூகும் 1962-ல் வகுத்த ஊட்டக் கலவை உலகெங்கும் பரவியது; ப்ளூபெரிக்கோ அதில் உப்பு அதிகம். ப்ளூபெரியின் உறவுச் செடியான மலை லாரலுக்காக லாயிடும் மெக்கவுனும் 1980-ல் உருவாக்கிய உப்புக் குறைந்த கலவை கைகொடுத்தது.

இலையிலிருந்தே செடி எழுப்பிய ஆய்வுகள் 1988-ல் வெளியாயின. அவற்றில் ஒன்று, வைட்ஸ்பாக் இருக்கும் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து. குடுவையில் வளர்ந்த தளிரின் இளம் இலையை நறுக்கிக் கலவைமேல் பரப்பி, சில நாள் இருட்டில் வைப்பார்கள். பின்னாளில் பெரிதும் பயன்பட்ட தூண்டுபொருள் ஸியாட்டின். மக்காச்சோளத்தின் இளம் மணிகளில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. யானை விலை! வெட்டுவாயில் குருத்துகள் முட்டிக்கொண்டு வரும். மரபணு மாற்றுவோருக்கு இது வரம். நாற்றுப்பண்ணைக்காரர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். இலையில் புதிதாக முளைத்த குருத்து தாயின் குணத்திலிருந்து விலகிவிடலாம். தண்டின் கணுவில் ஏற்கெனவே இருக்கும் மொட்டிலிருந்து வளர்த்தால் அந்தப் பயம் குறைவு.

வேர்விட, தளிர்கள் பெரும்பாலும் குடுவையை விட்டு நேரே பீட் மண்ணுக்குப் போகின்றன. கோவில் தம் சட்டிகளில் நிரப்பியதும் அந்தப் புளிப்பு மண்ணைத்தான்.