சைஸ், குங்கிலியம், மெழுகு

காலனிய மலாயாவில் கார் ஓட்டுநரை 'சைஸ்' என்றுதான் அழைத்தார்கள். அளவைச் சொல்லும் சைஸ் இல்லை. இது குதிரையைப் பராமரிப்பவருக்கான பெயர். அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக வெள்ளைக்காரர்கள் வாயில் ஏறிய சொல். குதிரை போய் மோட்டார் வந்தபோதும் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலையும் பெரிதாக மாறவில்லை. காலையில் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், துடைக்க வேண்டும், துரை வருவதற்குள் மின்ன வேண்டும்.

என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் துரையின் காருக்கு ஓட்டுநராக இருந்தவர். பால் மரம் வெட்டப் போகாமல் தப்பித்த வேலை என்பதால் லயத்தில் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நான் கார் கழுவக் கற்றது அவரிடம்தான். "வெயில்ல நிறுத்திக் கழுவாதடா. மேல இருந்து கீழ வா. தூசியைத் தண்ணி அடிச்சு எறக்காம துணியை வைக்காத." பொறியியல் படித்த பிறகு இதற்கெல்லாம் காரணம் புரிந்தது. சூடான தகட்டில் சவர்க்காரம் நொடியில் காய்ந்து, நீரிலிருக்கும் தாதுக்கள் வெள்ளை வட்டமாகப் படியும். தூசியில் இருக்கும் மணல் கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது. அதன்மேல் துணியை இழுப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். தாத்தாவிடம் ஷாமோய் தோல் ஒன்று இருந்தது, மீன் எண்ணெயில் பதப்படுத்திய ஆட்டுத்தோல். குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு அது. காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும் என்று ஈரமாகவே வைத்திருப்பார்.

அன்றைய கார்களின் மேல்பூச்சைத் தேடிப் போனால் கதை நம் காட்டுக்கே திரும்பி வருகிறது. தொடக்ககாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷையே பூசினார்கள். ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் கலந்த அது, ஒவ்வொரு பூச்சாகக் காய்ந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். வார்னிஷ் செய்பவர்கள் உலகெங்கும் வாங்கிய பிசின்களில் ஒன்று மலாயாவின் டாமார். செங்கால் மரத்திலிருந்து இறக்கும் 'டாமார் பெனாக்' அவற்றில் உயர்ந்த ரகம். 1929இல் கெப்போங்கில் தொடங்கிய வன ஆய்வு நிலையம் தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே இந்தப் பிசின்களை ஆராய்ந்தது. டாமார் என்றால் வேறெதுவோ என்று நினைக்க வேண்டாம், நம் குங்கிலியத்தின் உறவுதான். மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய நாயனார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பிசினின் பங்காளி ஒருவன் துரைமார் காரின் பானெட்டில் போய் மின்னியிருக்கிறான் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

1923இல் டூபான்ட் நிறுவனத்தின் 'டூக்கோ' வந்தது. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். வாரக்கணக்கில் இழுத்த வேலை நாள்கணக்குக்கு இறங்கியது, கறுப்பைத் தாண்டிய நிறங்கள் மலிந்தன. மெழுகு நீக்கிய டாமாரை இந்த லாக்கர்களிலும் பளபளப்புக்காகச் சேர்த்தார்கள். ஆனால் லாக்கர் சீக்கிரம் மங்கும். மங்கினால் தேய்க்க வேண்டும், தேய்த்தால் மெழுகு பூச வேண்டும். சைஸுக்கு மாதாந்திர வேலை ஒன்று கூடியது.

அந்த மெழுகில் உயர்ந்தது கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை, வறட்சியில் ஈரம் போகாமலிருக்கத் தன் ஓலைமேல் பூசிக்கொள்ளும் மெழுகு. ஓலையைக் காயவைத்து, தட்டி, உதிரும் பொடியை உருக்குவார்கள். ரப்பரும் பிரேசிலிலிருந்து வந்ததுதான்: 1876இல் விக்கம் லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளின் வாரிசுகளே இங்கே தோட்டங்களாயின. கிள்ளானிலோ காப்பாரிலோ ஒரு காரின் டயரும் மெழுகும் ஒரே நாட்டு மரங்களின் வழிவந்தவை. நடுவில் உழைத்தது நம் ஆட்கள்.

1985 ஜூலை 9 அன்று புரோட்டோன் சாகா வந்தது. ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வெளியான அந்தக் காரைப் பற்றி அரசியலாக எவ்வளவோ பேசிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: மிட்சுபிஷியின் வடிவில் வந்த அந்தச் சதுரப் பெட்டியும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் லயத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்களைக் காரின் சொந்தக்காரர்கள் ஆக்கின. அடுத்தவர் காரைத் துடைத்த தாத்தாவின் மகன் சொந்தக் காரைத் துடைத்தார். கிள்ளானில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் போர்ச்சில் அப்பாக்களும் வாளிகளும்தான்.

அப்பாவின் பழைய சாகா சிவப்பு. மெழுகு போடும் துணியும் சிவப்பாகும், ஏனென்றால் அதற்குத் தெளிபூச்சு கிடையாது. நிறமே மேல் அடுக்கு. என் காரில் துணி வெள்ளையாகவே இருக்கும், நிறத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு. உலோகத்துக்கு மேலுள்ள மொத்தப் பூச்சும் ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம்தான். அதில் தெளிபூச்சு பாதிகூட இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து கொஞ்சம் சீவி எடுக்கிறோம். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை மெஷின் பாலிஷ் போடும் நண்பர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒழுங்காகக் கழுவினால் பாலிஷ் தேவையே குறையும். சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி, நல்ல மைக்ரோஃபைபர் துணி, இவை போதும்.

பூச்சின் எதிரி ஊருக்கு ஊர் வேறு. பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தையொட்டி நிறுத்தும் கார்களில் ரயில் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் ஒட்டி, துருப்பிடித்து, செம்புள்ளியாகும். இரும்பு நீக்கும் திரவம் அடித்தால் கதவெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் வேறு. செங்கல் சூளைக்கும் ரயில்வே குடியிருப்புக்கும் பேர்போன ஊர், தன் வரலாற்றைக் கார்மேலும் எழுதுகிறது என்று நினைத்துக்கொள்வேன். கிள்ளானில் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். கார் கூரையில் சாம்பல். அதை வெறும் துணியால் தட்டிவிட்டால் கீறல் நிச்சயம். 2014இல் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது காருக்கு ஒரு வாளி ஒதுக்குவதே வீட்டில் சண்டை.

இப்போது செராமிக் கோட்டிங் காலம். சிலிக்கா அடிப்படையிலான பூச்சு. நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களில் கரைந்துபோகும் கார்னௌபாவைவிட வெகுநாள் தாங்கும். கீறவே கீறாது என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அதற்கும் வாளியும் நல்ல துணியும் வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால் கழுவித் தருபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுக்குச் சைஸ் என்ற பெயர்கூட இல்லை. தரையில் விழுந்த துணியாலேயே துடைக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம்; மணிக்கு எத்தனை காரை முடிக்கச் சொல்லி முதலாளி விரட்டுகிறார் என்று நாம் கேட்பதில்லை.

ஆயுத பூஜைதான் எங்கள் வீட்டில் வருடாந்திரப் பேச்சுவார்த்தை. மஞ்சள் கறை தெளிபூச்சில் இறங்கும், எலுமிச்சைச் சாறு வெயிலில் காய்ந்தால் அரிக்கும். அம்மாவிடம் இதை விளக்கிப் பார்த்தேன். "உன் பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகாது, சாமிக்கு வைக்கிறது" என்றார். பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தோம். பொட்டு முன் கண்ணாடியில். எலுமிச்சை டயருக்கு அடியில். அது ரப்பர், தாங்கும்.