விவாத மேடையும் வர்க்கமும்: சட்டம், அரசறிவியல் மாணவரின் இணைப்பாடவிதானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சட்டமும் அரசறிவியலும் பயிலும் மாணவருக்கு விரிவுரை மண்டபம் மாத்திரம் போதாது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். விவாதக் கழகம், மாதிரி நீதிமன்றம், மாணவர் சங்கம், சஞ்சிகை ஆகியன அவர்தம் ஆளுமையை வளர்க்கும் என்பர். இக்கூற்று பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. இவ்வாய்ப்புகள் எவருக்குக் கிட்டின, எம்மொழியிற் கிட்டின, அவற்றுக்கு வேண்டிய ஓய்வு நேரம் எவரது உழைப்பினாற் பெறப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து, சமூகம் அளித்த வாய்ப்பு தனிமனிதரின் பிறவித் திறமையாகத் தோற்றமளிக்கும்.

மாதிரி நீதிமன்றத்தின் மூலத்தை இலண்டனின் நான்கு வழக்கறிஞர் விடுதிகளிலே காணலாம். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகிய இவ்விடுதிகளில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் மாணவர்கள் கற்பனை வழக்குகளை மூத்தோர் முன்னிலையில் வாதாடிப் பழகினர். 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரின் பின்னர் இப்பயிற்சி அருகியது. எனினும், விடுதி மண்டபத்திற் குறித்த தடவைகள் உணவருந்த வேண்டும் என்ற நியதி நிலைத்தது. பாரிஸ்டராவதற்கான பரீட்சையோ 1872இலேதான் கட்டாயமாக்கப்பட்டது. சட்ட அறிவிலும் பார்க்க வர்க்கப் பழக்கவழக்கமே நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது என்பதை இது புலப்படுத்துகின்றது.

1823இல் தோன்றிய ஒக்ஸ்போட் யூனியனும் இத்தகையதே. பாராளுமன்ற நடைமுறையைப் பின்பற்றிய அச்சபை, ஆளவிருந்தோரின் ஒத்திகை மேடையாயிற்று. 1963 வரை பெண்கள் அதில் முழு அங்கத்துவம் பெறவில்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1920களில் அதன் செயலாளராக விளங்கினார். லலித் அத்துலத்முதலி 1958இலும் லக்ஷ்மன் கதிர்காமர் 1959இலும் அதன் தலைவர்களாயினர். மூவரும் பின்னர் இலங்கையின் ஆட்சிபீடத்தில் அமர்ந்தமை தற்செயலானதன்று.

எனினும், ஒரு நிறுவனத்தை அதன் வர்க்கத் தோற்றத்தைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுதல் இயந்திரப் பாங்கானதாகும். அதே யூனியன்தான் 1933 பெப்ரவரியில், மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிட மாட்டோம் என்னும் தீர்மானத்தை 153க்கு எதிராக 275 வாக்குகளால் நிறைவேற்றியது. இலண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரோல்ட் லாஸ்கியிடம் பயின்ற என். எம். பெரேரா 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். ஆளும் வர்க்கம் தன் வாரிசுகளுக்கென அமைத்த களத்திலேயே அதன் எதிரிகளும் பயிற்சி பெற்றனர். இதுவே இயங்கியல்.

நமது மண்ணிலும் வேறொரு மரபு முளைவிட்டது. 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் முன்முயற்சியால் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த இவ்வியக்கம், பாடசாலைகளிற் சாதி வேறுபாடின்றிச் சமமாக அமரவும் உண்ணவும் வேண்டுமெனக் குரலெழுப்பியது; முழுச் சுயராச்சியத்தை வேண்டி 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அப்பகிஷ்கரிப்பின் விளைவுகள் இன்றும் விவாதத்துக்குரியன. ஆயினும் அரசியலைப் பாவனை செய்து பழகாது, அரசியலில் ஈடுபட்டே அதனைக் கற்றனர் என்பது மனங்கொளத்தக்கது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அங்கு பயின்றோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. 1945இன் இலவசக் கல்வியும் 1960இல் கலைப்பீடத்துக்கு வந்த சுயமொழிப் போதனையும் கிராமப்புறப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தன. அதே 1960இலேதான் ஜெசப் சர்வதேச மாதிரி நீதிமன்றப் போட்டியும் அமெரிக்காவில் ஆரம்பமாயிற்று. அதன் மொழி ஆங்கிலம். விரிவுரை தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தது. விவாத மேடையின் கௌரவமோ ஆங்கிலத்துடன் தங்கிவிட்டது. வகுப்பறைக்குள் நுழைந்த விவசாயியின் மகள், வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்த கல்வியில் மீண்டும் வாயிலிலே நிறுத்தப்பட்டாள்.

இப்பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் நிராகரித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் பரீட்சை மொழியைக் காத்தல் பாதி வேலைதான். மாதிரி நீதிமன்றமும் விவாதமும் ஆய்வுப் பயிற்சியும் தாய்மொழியில், பாடநெறியின் அங்கமாக, பகற்பொழுதில் இடம்பெறல் வேண்டும். மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவனுக்கு மாலை நேரக் கழகம் ஓர் அறிவித்தற் பலகை மாத்திரமே. ஆங்கிலத்தையும் விட்டுவிடலாகாது, அதனைச் சிலரின் சீதனமாக விடாது, அனைவருக்கும் உரிய கருவியாகக் கற்பித்தல் அவசியம்.

நீதிமன்றின் முன் நிற்கும் ஏழைக்கு அவன் மொழியில் வாதாடத்தக்க வழக்கறிஞர் வேண்டும். அவ்வழக்கறிஞர் முதன்முதல் வாய்திறந்து பேசிப் பழகும் இடம் எதுவென்பது மாணவரின் பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று; நீதியைப் பற்றிய வினாவாகும்.