முதுகில் ஊசி: ஒரு பழைய வழக்கு

புனேவுக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. மயக்க மருந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம், முழங்கால் மூட்டு ஆபரேஷனுக்காக அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, முதுகுல ஊசி போட்டா காலு ரெண்டும் விளங்காமப் போயிருமாமே?"

சிரித்துத் தள்ளிவிடும் கேள்வி இல்லை இது. இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1947 அக்டோபர் 13, திங்கட்கிழமை. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு மருத்துவமனை. ஆல்பர்ட் வுல்லி, செசில் ரோ என்ற இரண்டு தொழிலாளிகளுக்கு அன்று சின்ன ஆபரேஷன்கள். ஒருவருக்கு ஹைட்ரோசில், மற்றவருக்கு முழங்கால் சவ்வு. இருவருக்கும் முதுகில் நூபர்கெய்ன் என்ற மரப்பு மருந்து போட்டார் டாக்டர் மால்கம் கிரஹாம். இருவருக்குமே இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலற்றுப் போனது.

வழக்கு 1953-ல் விசாரணைக்கு வந்தது. மருந்து இருந்த கண்ணாடி ஆம்பூல்களைக் கிருமி நீக்குவதற்காக ஃபீனால் கரைசலில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக ஃபீனால் உள்ளே கசிந்து நரம்பைக் கருக்கிவிட்டது என்பது நீதிமன்றம் ஏற்ற விளக்கம். கிரஹாம் ஆம்பூல்களைப் பார்த்துச் சோதித்துத்தான் எடுத்திருந்தார். ஆனால் இப்படியும் விரிசல் விழும் என்று 1947-ல் யாருக்கும் தெரியாது. ஃபீனாலில் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை பாடப்புத்தகத்தில் வந்ததே 1951-ல்தான்.

1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு சொன்னதன் சாரம் இதுதான்: 1947-ல் நடந்ததை 1954-ன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது. இன்று செய்தால் அது கவனக்குறைவு, அன்று அப்படி இல்லை. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த இருவருக்கும் நஷ்டஈடாக ஒரு காசு கிடைக்கவில்லை. ஆபத்து இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியதே அவர்களுடைய கால்கள்தான்!

கதை அத்தோடு முடியவில்லை. 1990-ல் ஹட்டர் என்ற மயக்கவியல் மருத்துவர் பழைய தகவல்களைத் திரும்ப ஆராய்ந்து, குற்றவாளி ஃபீனால் இல்லை என்றார். ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் படிந்த உப்புப் பொருக்கை நீக்க அமிலம் ஊற்றுவார்கள். அதைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம் என்பது அவர் முடிவு.

பிரிட்டனில் டாக்டர்களே பல வருடங்கள் முதுகில் ஊசி போடத் தயங்கினார்கள். இத்தனைக்கும் அதே 1954-ல் அமெரிக்காவில் டிரிப்ஸ், வேண்டம் இருவரும் 10,098 ஊசிகளின் பின்விளைவை ஆராய்ந்து, பெரிய நரம்புப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதினார்கள்.

அதற்காக மருந்து பரம சாது என்றும் சொல்ல மாட்டேன். 1991-ல், மெல்லிய குழாய் வழியாக 5% லிடோகெய்ன் ஒரே இடத்தில் தேங்கியதால் சிலருக்கு நரம்பு கெட்டது. அடுத்த வருடமே அமெரிக்காவில் அந்தக் குழாய்களை விலக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பாடமும் யாரோ ஒருவர் உடம்பில் கற்றதுதான்.

2009-ல் வெளியான பிரிட்டிஷ் கணக்கெடுப்பு, முதுகில் போட்ட சுமார் 7 லட்சம் ஊசிகளைப் பார்த்தது. கால்கள் செயலிழப்பதோ மரணமோ, மிக மோசமாகக் கணக்கிட்டாலும் லட்சத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கூடவே இரண்டு விஷயம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மரப்பு வழக்கமாகச் சில மணி நேரத்தில் விலகும். சொன்ன நேரத்துக்கு மேலும் கால் அசையவில்லை என்றால், அல்லது விலகிய மரப்பு திரும்ப வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

"இந்தி தெரியாதே தம்பி, எப்படிச் சொல்ல?" என்றார். ஒரு தாளில் எழுதி மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.