சம்புவராயரும் வல்லாளரும்

1989 செப்டம்பர் 30 அன்று வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. வேலூர்ப் பக்கத்துக்கு அம்பேத்கர் பெயர். திருவண்ணாமலைப் பக்கத்துக்குச் சம்புவராயர் பெயர். முதல் பெயருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. இரண்டாவது பெயரைக் கல்வெட்டு படிப்பவர்கள்தான் நன்றாக அறிந்திருந்தார்கள்.

சம்புவராயர்கள் செங்கேணி என்ற குடிப்பெயரோடு சோழர் காலக் கல்வெட்டுகளில் சிற்றரசர்களாக வருகிறார்கள். சோழ அரசு சரிந்த பின் படைவீட்டை மையமாக வைத்துத் தொண்டை மண்டலத்தை ஆண்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணனிடம் தோற்றார்கள். அந்தப் படையெடுப்பை அவன் மனைவி கங்காதேவி ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியமாக்கினாள்.

இந்த வரலாறு கோயில் சுவர்களிலிருந்து எழுந்து வந்தது. 1902இல் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு அண்ணாமலையார் கோயிலில் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்தது. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் மைப்படி கிடைக்கும். அப்படி எடுத்தவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் அச்சாயின. பெரும்பாலும் விளக்குக்கு ஆடு விட்டது, நிலம் கொடுத்தது, வரி நீக்கியது பற்றிய செய்திகள்.

சம்புவராயர் பெயர் மாவட்டப் பலகைக்கு ஏறிய காலம் முக்கியமானது. 1987இல் ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியல் வட மாவட்டங்களை முடக்கியிருந்தது. 1989இல்தான் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. சம்புவராயரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடும் வன்னியர் அமைப்புகள், செங்கேணிக்கு முன்னால் ‘பள்ளி’ என்று வரும் கல்வெட்டுகளைச் சான்று காட்டுகின்றன. தானத்தைப் பதிய வெட்டிய கல், குலப் பெருமைக்கும் ஆவணமானது.

1997இல் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குப் பட்டியல் சமூகத்து வீரரான வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி எழுந்த மோதல் அது. அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தனிப்பெயர்களை எடுத்துவிட்டது. சம்புவராயரும் அதோடு போனார்.

திருவண்ணாமலையில் இன்னொரு அரசர் அரசாணை இல்லாமலே நிலைத்திருக்கிறார். தலைநகரான துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் நிலைகுலைந்த பின் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டார். முதிய வயதில் மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டார். கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்று இபின் பதூதா எழுதினார்.

அருணாசல புராணம் வேறு கதை சொல்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு அண்ணாமலையாரே மகனானார். அதனால் இன்றும் தைப்பூசத்தன்று மன்னர் இறந்த செய்தி சுவாமிக்குச் சொல்லப்படுகிறது. தீர்த்தவாரி முடிந்து சுவாமி மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார். கோயிலில் கோபுரம் ஒன்றும் வல்லாளர் பெயரில் நிற்கிறது.

வல்லாளருக்கும் சாதி உரிமைக்காரர்கள் உண்டு. போசளர்கள் தங்கள் கல்வெட்டுகளில் தங்களை யது குலம் என்றே சொல்லிக்கொண்டார்கள். மாசி மகத்துக் கூட்டம் அந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத் திதிக்கு வருவதில்லை.

2002இல், மைப்படி எடுத்து நூறு ஆண்டு கழித்து, அதே மத்தியத் தொல்லியல் துறை கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். கடையும் வீடும் சத்திரமும் கோயிலை ஒட்டியே வளர்ந்த ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மத்திய அரசு பின்வாங்க, கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடமே திரும்பியது.