அனாத்தா, நிங்ஙள், நீங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என் தம்பி மகள் நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காகத் தேனியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். என்-4 என்று ஒரு தேர்வு தேற வேண்டுமாம். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறேன். முப்பத்தாறு வருஷம் ஊரார் பிள்ளைகளை எழுத்துக் கூட்ட வைத்தவளுக்கு இது வேண்டியதுதான்.

போன வாரம் கேட்டாள்: "அத்தை, புத்தகத்துல 'வத்தாஷி'ன்னா நான், 'அனாத்தா'ன்னா நீங்கள்னு போட்டிருக்கு. ஆனா சொல்லித் தர்றவங்க, அங்க போய் யாரையும் அனாத்தான்னு கூப்பிட்டுறாதன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அந்தச் சொல்லு?"

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் போன தூரம்தான் இந்தப் பதிவு.

ஜப்பானியத்தில் 'நான்' என்பதற்கே பல சொற்கள். 'வத்தாஷி' எல்லோருக்கும் பொது. அதன் மூத்த வடிவம் 'வத்தாகுஷி'. பொதுவானது என்பதற்கு எதிராக, தனக்கே உரியது என்று அதற்குப் பொருள். ஆண்பிள்ளைகள் சொல்லிக்கொள்வது 'பொக்கு'. அதை எழுதும் சீன எழுத்தின் பொருள் வேலைக்காரன். நம்மூர் 'அடியேன்' மாதிரிதான். மெய்ஜி காலத்து மாணவர்கள் நடுவே பரவி, இன்று பணிவின் வாசனை போய், சாதாரணப் பையன் பேச்சாக ஆகிவிட்டது. நண்பர்களுக்குள் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசினால் 'ஒரே'.

முன்னிலைச் சொற்களின் கதை இன்னும் வேடிக்கை. 'கிமி' என்றால் தலைவர், அரசர். ஜப்பானின் தேசிய கீதமான 'கிமிகாயோ'வில் இருப்பது அந்தக் கிமிதான். இன்று அதே சொல்லால் மேலதிகாரி தனக்குக் கீழே உள்ளவரைக் கூப்பிடுகிறார். 'ஒமாயே' என்றால் 'திருமுன்'. சந்நிதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்று அது நம் 'நீ'யை விடக் கீழே இறங்கிவிட்டது. 'கிசாமா' எல்லாவற்றையும் மிஞ்சியது. 'மாண்புமிகு ஐயா' என்று சாமுராய்கள் கடிதத்தில் எழுதிக்கொண்ட சொல், இன்று சண்டையில் மட்டும் வாயில் வருகிற வசை. மரியாதைச் சொல்லைப் புழங்கப் புழங்க அது தேய்கிறது. தேய்ந்த பிறகு புதிதாக ஒன்றைத் தேடுகிறார்கள்.

'அனாத்தா'வும் அப்படி வந்ததுதான். 'அந்தப் பக்கம்' என்பது அதன் நேர்ப்பொருள். எதிரில் இருப்பவரைச் சுட்டாமல் அவர் இருக்கும் திசையைச் சுட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் உயர்ந்த மரியாதைச் சொல். இன்று ஜப்பானில் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் 'அனாத்தா'தான். இதைப் படித்ததும் எனக்கு எங்க அம்மா ஞாபகம். அப்பாவைப் பற்றிப் பேசும்போது ஆயுசு முழுக்க 'அவுக'தான். எதிரே உட்கார்ந்திருந்தாலும், 'அவுக சாப்பிட வரலாம்ல' என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அதுவும் அந்தப் பக்கம்தானே!

இனி வரலாறு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில் எல்லாம் மாறிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, 1952 ஏப்ரல் 14 அன்று, அரசின் தேசிய மொழிக் குழு கல்வி அமைச்சருக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. 'இனிமேலான மரியாதைச் சொற்கள்' என்று அதன் தலைப்பு. மேல் கீழ் என்று இருந்த மரியாதை போகட்டும், ஒருவரை ஒருவர் மனிதராக மதிக்கிற எளிய மரியாதை வரட்டும் என்பது நோக்கம். தன்னைச் சொல்ல 'வத்தாஷி' பொது, எதிராளியைச் சொல்ல 'அனாத்தா' பொது என்று அதில் பரிந்துரைத்தார்கள். பள்ளிப் பையன்கள் 'பொக்கு' சொல்லிக்கொள்ளட்டும், ஆனால் வேலைக்குப் போகும் வயதில் 'வத்தாஷி'க்கு மாறும்படி கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை வைத்தார்கள்.

'வத்தாஷி' நிலைத்தது. 'அனாத்தா' பாடப்புத்தகத்தில் நின்றது, பெரியவர்களிடம் பேசுகிற வாய்க்கு வரவில்லை. இன்றும் மேலதிகாரியையோ ஆசிரியரையோ வயதானவரையோ 'அனாத்தா' என்றால் முகம் சுருங்கும். பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள். இல்லை, பதவியைச் சொல்வார்கள். தனாகா என்ற பெரியவரிடமே, 'தனாகா-சான் மருந்து சாப்பிட்டாரா' என்கிற மாதிரி கேட்பார்கள். ஆசிரியரிடம் 'நீங்கள்' இல்லை, 'சென்சேய்'. ஸ்வீடனிலும் இதே போல் பட்டத்தையும் பதவியையும் சொல்லிச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள். 1960-களின் கடைசியில் அதையெல்லாம் விட்டு எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்று சொல்லும் வழக்கத்துக்கு வந்தார்கள். அங்கே முடிந்தது, ஜப்பானில் முடியவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழ், ஜப்பான் என்றதும் உங்களில் பலருக்குப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) ஞாபகம் வரும். இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் உழைத்து எழுதியவர். சென்னையில் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் அவரோடு சேர்ந்து பணிசெய்தார்கள். பழைய ஜப்பானியத்தில் முன்னிலைக்கு 'ந' என்று ஒரு சொல் இருந்தது என்று படித்தபோது எனக்கும் நம் 'நீ' நினைவுக்கு வந்து மனசு துள்ளியது. ஆனால் ஓனோவின் முடிவை மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 'ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது' என்று வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும்.

உண்மையான ஒற்றுமைக்கு டோக்கியோ வரை போக வேண்டாம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் போதும்.

நம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். மலையாளத்தில் 'நிங்ஙள்' என்று ஒரு சொல் உண்டு. நம் 'நீங்கள்' அல்லவா என்று நினைத்துப் பெரிய மனிதரிடம் சொன்னால் அது மரியாதை ஆகாது. 'சார்', 'சேட்டன்', 'டீச்சர்' என்று உறவையோ பதவியையோதான் சொல்ல வேண்டும். எங்க சின்னம்மா தோட்டத்துக்குப் போன புதிதில் கணக்குப்பிள்ளையிடம் மரியாதையாக நினைத்து 'நிங்ஙள்' சொல்லிவிட்டு, அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று தெரியாமல் ஒரு வாரம் முழித்தாராம்.

இதற்கு இலக்கணத்தில் ஒரு வசதி இருக்கிறது. மலையாள வினைச்சொல் ஆள் காட்டும் விகுதியை இழந்துவிட்டது. நான் வந்தாலும், நீ வந்தாலும், அவர் வந்தாலும் 'வந்நு'தான். ஜப்பானியத்திலும் அப்படியே, யார் வந்தாலும் 'கிமாஷ்தா'. மரியாதை வேண்டுமானால் வினையையே மாற்றுவார்கள். 'இரஷ்ஷாய்மாஷ்தா' என்றால் பெரியவர் வந்தார், 'மாயிரிமாஷ்தா' என்றால் அடியேன் வந்தேன். ஆக, இரண்டு மொழியிலும் 'நீ'யா 'நீங்கள்'ளா என்ற சங்கடம் வந்தால் அந்தச் சொல்லையே விழுங்கிவிட்டு ஒளிந்துகொள்ளலாம்.

தமிழில் ஒளிய முடியாது. 'நீ'யை விழுங்கினாலும் 'வந்தியா', 'வந்தீங்களா' என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும். புது மருமகன், வயதில் இளைய மேலதிகாரி, கூடப் படித்துத் தாசில்தார் ஆனவன், இப்படி ஆள் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? 'சாப்பிட்டாச்சா?', 'எப்ப வந்தது?' என்கிறோம். அந்த 'ஆச்சு' எவ்வளவு பெரிய உபகாரம் என்று இலக்கணப் புத்தகம் எழுதியவர்கள் சொல்லவில்லை.

ஒருவரைப் பன்மையில் சொல்வது பழைய பழக்கம்தான். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதைக் குறிப்பிடுகிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அல்ல என்பது அவர் கருத்து. அப்போதே மக்கள் வாயில் அது இருந்திருக்கிறது, இலக்கணக்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. அவர் காலத்தில் 'யான்'தான், நன்னூலில் 'நான்' வருகிறது. நன்னூல் சொல்லும் முன்னிலைப் பெயர்கள் நீ, நீர், நீயிர், நீவிர், எல்லீர். நாம் இன்று மரியாதைக்கு நம்பியிருக்கும் 'நீங்கள்' அந்தப் பட்டியலில் இல்லை. 'நீர்' மரியாதைக்குப் போதாது என்று ஆன பிறகு 'கள்' ஏறிய சொல் மேலே வந்தது. யாழ்ப்பாணத்தில் இன்னும் 'நீர்' நடுத்தர மரியாதையோடு வாழ்கிறது. நம் பக்கம் யாரையாவது 'நீர்' என்றால் நாடகம் போடுகிறோம் என்பார்கள்.

யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்பதை வயது மட்டும் தீர்மானிக்கவில்லை, சாதியும் தீர்மானித்தது. கேரளத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மேல்சாதியார் முன் 'ஞான்' என்று சொல்ல முடியாது. 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. போலீஸார் பொதுமக்களை 'எடா', 'எடீ', 'நீ' என்று கூப்பிடக்கூடாது என்று அங்கே உயர்நீதிமன்றம் சொல்ல 2021 ஆக வேண்டியிருந்தது.

நம் ஊர் யோக்கியதையைச் சொல்கிறேன். என் யோக்கியதையையே சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஐந்தாம் வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்துகிறேன். கரும்பலகையில் 'நீங்கள் – மரியாதைப் பன்மை' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிழல் தட்டியது. ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், பேத்தி மறந்துவிட்டு வந்த சிலேட்டோடு நிற்கிறார். துண்டு கக்கத்தில். நான் திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்? அங்கயே நில்லு, பிள்ளையை அனுப்புறேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அவரிடம் அப்படித்தான் பேசினார்கள், என் நாக்கும் அப்படியே பழகியிருந்தது. 'நில்லுங்க' என்பதற்கு இரண்டு எழுத்து அதிகம், அவ்வளவுதான். அவர் எதுவும் நினைத்த மாதிரி தெரியவில்லை. அந்தப் பிள்ளை எழுந்து போய் சிலேட்டை வாங்கி வந்தது. உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை எழுதியது. தலை நிமிரவில்லை. கையில் சாக்பீஸோடு நின்றபோதுதான் நான் எழுதியிருந்ததை நானே படித்தேன்.

அதற்கப்புறம் அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் 'வாங்க, போங்க' என்று சொல்லப் பழகினேன். லேசாக இல்லை. அங்கே ஒரு பாட்டி, "என்ன டீச்சர், என்னையப் போயி நீங்கன்னுக்கிட்டு, நான் என்ன வேத்தாளா?" என்று சிரித்தார். சொந்தத்தில் 'நீ' அன்பு, 'நீங்க' தூரம். ஆனால் அன்பினால் வந்த 'நீ' எது, ஏவலில் வந்த 'நீ' எது என்று வாங்கிக்கொள்பவருக்குத் தெரியும். பெரியவரிடம் நான் சொன்னதில் அன்பு எதுவும் இல்லை.

அந்த மாணவி இன்று வேறு மாவட்டத்தில் ஆசிரியை. இந்தப் பதிவை எழுதலாமா என்று கேட்க முந்தாநாள் போன் செய்தேன். நாற்பது வருஷம் கழித்து அவளிடம் எதைச் சொல்லித் தொடங்குவது என்று தடுமாறி, "சாப்பிட்டாச்சா?" என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எழுதுங்க டீச்சர். தாத்தா பேரு மட்டும் போடாதீங்க," என்றாள். பிறகு, "என்னைய நீன்னே சொல்லுங்க. அவரத்தான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல், என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

தம்பி மகளுக்கு டிசம்பர் முதல் ஞாயிறு சென்னையில் தேர்வு. பெயரும் 'சான்'னும் போட்டுப் பேசித் திண்ணையில் பழகிக்கொண்டிருக்கிறாள். ஜப்பானியப் பெரியவராக நான் உட்கார்ந்திருக்கிறேன்.