எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறது? – அமெரிக்க மளிகைக் கடையும் வீட்டுச் சாப்பாடும்

ஒரு வீட்டில் இன்று என்ன சமையல் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சமைப்பவர், இல்லையென்றால் அடம்பிடிக்கும் பிள்ளைகள் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்களுக்கு முன்பே இரண்டு விஷயங்கள் பாதி முடிவை எடுத்துவிடுகின்றன. ஒன்று, பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பது. இன்னொன்று, அந்தக் கடைக்குப் போட்டி இருக்கிறதா என்பது. மீதிப் பாதியை யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க மளிகைக் கடைகளின் நூறு வருட வரலாறு நல்ல பாடம்.

அண்ணாச்சி கடை போல ஒரு காலம்

1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரத்து மளிகைக் கடை, நம்மூர் அண்ணாச்சி கடை போலத்தான் இருந்தது. வாடிக்கையாளர் கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும். கடைப் பையன் எடுத்து, எடை போட்டு, பொட்டலம் கட்டிக் கொடுப்பான். மாவும் சர்க்கரையும் மூட்டையிலும் பீப்பாயிலும் இருக்கும். கடன் நோட்டு உண்டு. சாமான் வீட்டுக்கே வந்துவிடும். கறிக்கும் காய்கறிக்கும் தனித்தனிக் கடைகள்.

வசதிதான், ஆனால் அந்த வசதிக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை! 1901-ல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பின்படி, நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களின் செலவில் 42.5 சதவீதம் சாப்பாட்டுக்கே போனது.

இதை முதலில் பெரிய அளவில் அசைத்தது 'ஏ அண்ட் பி' நிறுவனம். 1859-ல் நியூயார்க்கில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கியது. 1912-ல் அதன் முதலாளிகளில் ஒருவரான ஜான் ஹார்ட்ஃபோர்டு 'சிக்கனக் கடை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். கடன் கிடையாது. வீட்டுக்கு அனுப்புவதும் கிடையாது. ரொக்கம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். விலை குறைந்தது. கூட்டம் கூடியது. 1930 வாக்கில் ஏ அண்ட் பி-க்குக் கிட்டத்தட்ட 16,000 கடைகள்!

அலமாரி பேசத் தொடங்கியது

1916 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். உள்ளே நுழைந்ததும் கையில் கூடை. எல்லா அலமாரிகளையும் வரிசையாகக் கடந்துதான் பணம் கட்டும் இடத்துக்கு வர முடியும். வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். 1917-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த மாற்றம் அன்று பெரிய புரட்சி. அதுவரை "இது நல்ல சரக்கு, வாங்கிப் பாருங்க" என்று சொன்னவர் கடைக்காரர். இனி அந்த வேலையை அலமாரியும் டப்பாவின் மேல் ஒட்டிய லேபிளும் செய்தன. கண்ணுக்கு எதிரே இருப்பதுதான் கூடைக்குள் விழும். வீட்டுச் சாப்பாட்டைத் தீர்மானிப்பதில் 'எதை எங்கே வைப்பது' என்பது ஒரு சக்தியாக மாறியது.

அடுத்த பாய்ச்சல் 1930 ஆகஸ்ட் 4. பொருளாதார மந்தம் மக்களை வாட்டத் தொடங்கிய நேரம். நியூயார்க் குயின்ஸ் பகுதியில், ஒரு பழைய கார் கொட்டகையில் மைக்கேல் கல்லன் 'கிங் கல்லன்' கடையைத் திறந்தார். கடைத்தெருவை விட்டுத் தள்ளி இருந்ததால் வாடகை குறைவு. கார் நிறுத்த இடம் உண்டு. மலை போல் குவித்து, மலிவாக விற்பதுதான் அவருடைய கொள்கை. மக்கள் தூரத்திலிருந்து கார் ஓட்டி வந்தார்கள். ஏ அண்ட் பி கூடத் தன் சின்னக் கடைகளை மூடிவிட்டுப் பெரிய கடைகளைத் திறக்க வேண்டியதாயிற்று.

சிறு கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பல மாநிலங்கள் சங்கிலிக் கடைகள் மீது தனி வரி போட்டன. பெரிய கடைகளுக்கு மட்டும் தனிச் சலுகை விலை கொடுக்கக் கூடாது என்று 1936-ல் ராபின்சன்–பேட்மன் சட்டம் வந்தது. ஆனாலும் போட்டியின் வேகம் குறையவில்லை. ஊதியமும் உயர்ந்தது. குடும்பச் செலவில் சாப்பாட்டின் பங்கு 2002–03-ல் 13.1 சதவீதமாக இறங்கிவிட்டது.

கார் இல்லாதவர்கள்?

இந்த மலிவு விலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாரம் ஒரு முறை மொத்தமாக வாங்க கார் வேண்டும், வைத்துக்கொள்ள ஃபிரிட்ஜ் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளையர் குடும்பங்கள் பெருமளவில் புறநகருக்குக் குடிபோயின. பெரிய இடமும் கார் நிறுத்துமிடமும் தேடிய சூப்பர் மார்க்கெட்டுகள் அவர்கள் பின்னால் போயின.

நகரத்துக்குள் தங்கிய கறுப்பின மக்களின் நிலை வேறு. 1930-களிலேயே மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் அவர்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு நிறமடித்து, 'கடன் கொடுப்பது ஆபத்து' என்று வகைப்படுத்தியிருந்தது. 1960-களின் கலவரங்களுக்குப் பிறகு மிச்சமிருந்த பல கடைகளும் கிளம்பின.

பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் இதற்கு ஓர் உதாரணம். நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த பகுதி இது. 1950-களில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் இதன் கீழ்ப்பகுதியை இடித்து, சுமார் 8,000 பேரை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் 1961-ல் ஒரு விளையாட்டு அரங்கம் வந்தது. பின்னாளில் இங்கு சுமார் 30 வருடங்கள் ஒரு முழுமையான சூப்பர் மார்க்கெட் கூட இல்லை. ஒரு தலைமுறையே மூலைக் கடையிலும், பேருந்து ஏறிப் போய் வாங்கும் சாமானிலும் வளர்ந்தது.

பாலைவனத்தில் ஒரு கடை

1990-களில் பிரிட்டனில் 'உணவுப் பாலைவனம்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவும் அதைப் பிடித்துக்கொண்டது. கார் இல்லாமல், சூப்பர் மார்க்கெட்டிலிருந்து 1 மைலுக்கு அப்பால் வாழும் குடும்பங்கள் 23 லட்சம் என்று அந்நாட்டு வேளாண் துறை 2009-ல் கணக்குச் சொன்னது. பென்சில்வேனியா மாநிலம் 2004-லேயே இத்தகைய பகுதிகளில் கடை திறக்க நிதி கொடுக்கத் தொடங்கியிருந்தது. 2010-ல் மிஷெல் ஒபாமா இதைத் தேசியப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசினார். எல்லோரும் நம்பியது ஒன்றுதான்: கடை வந்தால் காய்கறி வரும், காய்கறி வந்தால் உடம்பு தேறும்.

நடந்தது என்ன?

ஃபிலடெல்ஃபியாவில் இப்படித் திறந்த ஒரு கடையைச் சுற்றி நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. "இப்போது நல்ல சாமான் கிடைக்கிறது" என்று மக்கள் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சாப்பிட்ட பழம், காய்கறியின் அளவு மாறவில்லை. உடல் எடையும் மாறவில்லை.

ஹில் டிஸ்ட்ரிக்டில் அரசு உதவியோடு 2013 அக்டோபரில் சூப்பர் மார்க்கெட் திறந்தது. அங்கே சர்க்கரையும் கலோரியும் ஓரளவு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைக்கு அடிக்கடி போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை! பழமும் காய்கறியும் அங்கேயும் கூடவில்லை. 2019 மார்ச்சில் அந்தக் கடையும் மூடப்பட்டது.

அதே 2019-ல் ஆறு பொருளாதார ஆய்வாளர்கள் நாடு முழுவதும் குடும்பங்கள் வாங்கிய சாமான்களின் கணக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வசதியானவர்களுக்குக் கிடைக்கும் அதே சரக்கை, அதே விலையில் ஏழைகளுக்குக் கொடுத்தாலும், இருவரின் உணவுத் தரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 10 சதவீதம்தான் குறையும் என்பது அவர்கள் முடிவு. காரணமும் சொன்னார்கள். பக்கத்தில் கடை இல்லாத காலத்திலேயே மக்கள் தூரத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்த்தான் வாங்கினார்கள். பக்கத்தில் புதுக் கடை வந்ததும் அங்கே வாங்கியதையே இங்கே வாங்கினார்கள். கல்வியும் ஊட்டச்சத்து பற்றிய அறிவும் தூரத்தை விட அதிகம் பேசின.

அப்படியானால் இடம் முக்கியமில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தூரம் குறைந்தால் இரண்டு கையிலும் பையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு தாய்க்கு அரை நாள் மிச்சம். உணவுத் தரம் பற்றிய கணக்கில் இது தெரியாது.

அதோடு, கடை இருந்தால் போதாது, என்ன மாதிரிக் கடை என்பதும் கேள்வி. பிட்ஸ்பர்க்கின் அதே பகுதி மக்களிடம் நடத்திய வேறொரு ஆய்வில், மலிவுக் கடைகளில் வாங்குபவர்களிடம் உடல் பருமன் அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் காய்கறி, பழம் எல்லாம் இரு வகைக் கடைகளிலும் கிடைத்தன. வித்தியாசம், நொறுக்குத் தீனியை எப்படி அடுக்கி, எவ்வளவு விளம்பரம் செய்திருந்தார்கள் என்பதில் இருந்தது. மெம்ஃபிஸில் 1916-ல் பேசத் தொடங்கிய அலமாரி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது!

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் இதைப் புரிந்துகொண்டது. பாக்கெட் உணவை முக்கியமாக விற்கும் 'டாலர் கடைகள்' வடக்குப் பகுதியில் பெருகி, காய்கறி விற்கும் மளிகைக் கடைகளைத் தலையெடுக்க விடுவதில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். 2017-ல் அங்கு புதிய டாலர் கடைகளுக்கு நகர மன்றம் தற்காலிகத் தடை போட்டது. போட்டி எப்போதும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு.

ஏழைகள் நல்ல உணவைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று குறை சொல்பவர்கள், இந்த ஆய்வுகளை ஆதாரமாகக் காட்டுவது உண்டு. அவர்கள் மறப்பது, அந்தத் தேர்வுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்பதை. யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தத் தெருவை இடிப்பது, எந்தக் கடை எங்கே போவது என்றெல்லாம் அந்த மக்களைக் கேட்காமலே முடிவானது. 30 வருடம் கடையே இல்லாமல் பழகிய ஒரு பகுதி, 5 வருடம் மட்டும் இருந்துவிட்டுப் போன ஒரு கடையால் மாறவில்லை என்றால், அதில் அந்த மக்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடையைத் திறக்க ஒரு நாள் போதும். சமையலறைப் பழக்கம் மாற அந்தக் கடை நிலைத்து நிற்க வேண்டும், சாமான் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும், எது நல்லது என்று சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்க வேண்டும்.